யாருக்கும் இல்லாத வார்த்தைகள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கூடுதலான இரண்டும் என் தங்கை பிள்ளைகள். சுனாமி அலை வந்த வருஷம் அவள் போனாள், பிள்ளைகள் என்னிடம் வந்தன. யாரிடமும் கையேந்தி வளர்க்கவில்லை. தலையில் அன்னக்கூடை வைத்து, வரிச்சிக்குடி வரைக்கும் தெருத்தெருவாக மீன் விற்று வளர்த்தேன். ஏழு பேரும் இன்று அவரவர் காலில் நிற்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவது எனக்குப் பெருமை சேர்க்காது.

எழுதுவது ஒருவரைப் பற்றி. அவருடைய பெயர் எங்கள் ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஐஸ் கம்பெனி ஜன்னலில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுத்ததால் டோக்கன் சார். ஊர் திருவாரூர்ப் பக்கம் என்று ஒருவர் சொன்னார், மன்னார்குடி என்று இன்னொருவர் சொன்னார். அவரையே கேட்டால், "எல்லாம் கிட்டக்கிட்டதாங்க" என்பார். சொந்த ஊரைச் சொல்லத் தயங்குகிறவரை நான் நம்புவதில்லை.

ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. எவ்வளவு வெயிலானாலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். காது மடலில் ஒரு பென்சில். பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் வந்து பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கடைசியில், கிளிஞ்சல்மேட்டுக்குப் போகிற பாதையில், ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இருந்தார்.

நான் அவரோடு முதலில் பேசியதே சண்டையில்தான். பாதி பார் ஐஸ் கேட்டு ஜன்னலில் நின்றேன். டோக்கனைக் கிழித்தவர் அதைக் கொடுக்காமல், வீணாய்ப்போன இன்னொரு டோக்கனின் பின்பக்கத்தில் ஏதோ எழுதினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி எழுதினார்.

"யாரைப் பார்த்து எழுதுறீங்க சார்?" என்றேன்.

"உங்களை இல்லீங்கம்மா. உங்களுக்குப் பின்னாடி."

திரும்பினேன். ஐஸ் ஏற்ற வந்த லாரி நின்றது.

"அந்த லாரி நெத்தியில மூணு எழுத்து இருக்கு. அந்த மூணும் சேர்ந்து வர்ற இங்கிலீஷ் வார்த்தை என்னென்னன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

"பார்த்து?"

"எழுதி வச்சுக்குவேன்."

"எழுதி?"

"அவ்வளவுதாங்க."

என்னோடு வந்திருந்தவள் பூவத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவள், அவளும் மீன் விற்கிறவள். "அக்கா, சாருக்கு ஐஸ் மண்டைக்கு ஏறிடுச்சு, வாங்க போவோம்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அலைக்குப் பிறகு எங்கள் ஊருக்குத் தாளும் பேனாவுமாக வந்தவர்களுக்கு அளவே இல்லை. ஒருவர் வந்து எழுதினால் படகு வரும். இன்னொருவர் வந்து எழுதினால், வந்த படகு அடுத்த வீட்டுக்குப் போகும். எழுதும்போது பக்கத்தில் நின்றவளுக்குத் தையல் மெஷின் கிடைத்தது. அந்த நேரத்தில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யார் தாளை விரித்தாலும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பெயர் சொல்லுவோம். எழுதுகிற கை சும்மா எழுதாது, அதற்குப் பின்னால் ஒரு வரவோ ஒரு போக்கோ இருக்கும் என்று ஊரே கற்றுக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் வந்து ஒருவர், எழுதுகிறேன், எழுதி வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் என்றால் யார் நம்புவார்கள்?

அவர் கண்ணில் பட்ட எழுத்தை விடமாட்டார். பஸ் போர்டு, சிமெண்டு மூட்டை, மாத்திரை அட்டை, சுவரில் ஒட்டிய நோட்டீஸ் எல்லாம் அவருக்குச் சரக்கு. இரண்டு எழுத்தோ மூன்று எழுத்தோ எடுத்துக்கொள்வார். அவை எல்லாம் உள்ளே இருக்கிற வார்த்தைகளைத் தேடுவார். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். "எந்த வரிசையில வேணா வரலாங்க. முன்னாடி பின்னாடி இருக்கலாம், நடுவுல வேற எழுத்து வரலாம். ஆனா எடுத்த எழுத்துல ஒண்ணு கூட விட்டுப்போகக் கூடாது." இதைச் சொல்லும்போது கோயில் நியமத்தைச் சொல்வது போலச் சொல்வார். இன்னொன்றும் சொல்வார்: "எழுத்து கண்ணு முன்னாடி நிக்குது. வார்த்தைதான் ஒளிஞ்சிருக்கு." ஒளிந்திருப்பதைத் தேடுகிறவர் என்றால் போலீஸ்காரராக இருக்க வேண்டும், இல்லையென்றால் திருடராக இருக்க வேண்டும் என்று நான் பூவத்துக்காரியிடம் சொன்னேன்.

ஒரு தடவை ஐஸ் நொறுக்குகிற மெஷினில் ஒரு பையனுடைய இரண்டு விரல் போய்விட்டது. டோக்கன் சார்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். மத்தியானம் நான் பார்க்கப் போனேன். பையனின் தலை அவர் மடியில். ஒரு கையால் அவன் நெற்றியை அழுத்திப் பிடித்திருந்தார். இன்னொரு கை, தொங்கிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துப் பார்த்து, பஞ்சு சுற்றி வந்த காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தது. பையனின் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள். இவருடைய உதடு ஏதோ முணுமுணுக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர் என்ன மனுஷன் என்று வெளியே வந்து துப்பினேன். ஆனால் அந்தக் கை நெற்றியிலிருந்து எடுபடவில்லை என்பதையும் பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அவரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. எங்கள் தெருவில் காலேஜுக்குப் போகிற பெண் ஒருத்தி இருந்தாள். "இங்கிலீஷில் எதுடி ரொம்பப் பிடிவாதமான எழுத்து?" என்று அவளிடம் கேட்டேன். க்யூவும் இசட்டும் என்றாள். மறுநாள் ஜன்னலில் நின்று, "சார், க்யூ ஒண்ணு, இசட்டு ஒண்ணு. தேடுங்க பாப்போம்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வலையில் வஞ்சிரம் விழுந்தவன் கூட அப்படிப் பார்க்கமாட்டான்.

இரண்டு நாள் கழித்து பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். "ஏழு கிடைச்சுதுங்கம்மா" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். க்விஸ் என்றால் கேள்வி கேட்பது. ஸ்க்வீஸ் என்றால் பிழிவது. குவார்ட்ஸ் என்றால் ஒரு கல், கடிகாரத்தில் போடுவார்கள். மற்றது எனக்கு வாயில் நுழையவில்லை.

"சரி சார். இதுக்கு நான் என்ன தரணும்?"

அவர் முகம் வாடிவிட்டது. "நீங்கதாங்க கொடுத்தீங்க. ரெண்டு எழுத்து கொடுத்தீங்களே. ரெண்டு நாள் போனதே தெரியலை."

ஒருவரிடம் ஒன்று பெற்றுக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு ஆகாது. கூடையிலிருந்து ஒரு கை நெத்திலி அள்ளி இலையில் மடித்துக் கொடுத்தேன். அவர் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர், சமைக்கத் தெரியாது. அதைக் கொண்டுபோய் ஐஸ் கம்பெனிப் பூனைக்குப் போட்டார். பூவத்துக்காரி வந்து சொன்னாள். "உன் நெத்திலிக்கும் இங்கிலீஷு வந்திருக்கும் அக்கா, இப்ப பூனை பேசும்." அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐஸ் கம்பெனி ஜன்னல் திறக்காது. அன்று அவர் சைக்கிளில் வரிச்சிக்குடிக்கு வருவார். அங்கே எனக்கு ஒரு வாடிக்கை வீடு. வயல் வாய்க்கால் உள்ள குடும்பம், இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிறவர்கள். பழைய பேப்பரை அந்த வீட்டம்மாவிடம் கேட்டு வாங்கி, வாசல் படியிலேயே உட்கார்ந்து, அதில் எழுத்துகளைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிற மூலையை மட்டும் கிழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எடைக்குப் போட்டால் காசாகும் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கிறவர். அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு அவருக்குப் படகுப் பித்துப் பிடித்தது. எங்கள் காரைக்கால் பக்கத்துப் படகு, வண்டி எல்லாவற்றுக்கும் நம்பர் பி, ஒய் என்ற இரண்டு எழுத்தோடு வரும். சாயங்காலம் படகு கரையேறும் நேரத்துக்கு வந்து நிற்பார். ஒவ்வொரு படகின் பக்கவாட்டையும் பார்ப்பார், எழுதுவார், அடுத்த படகுக்குப் போவார். என் இரண்டாவது மகன் கேட்டே விட்டான். "என்ன சார், படகெல்லாம் எண்ணுறீங்களா?"

"எண்ணலைங்க தம்பி. பி, ஒய் ரெண்டும் எல்லாத்துலயும் இருக்கு. படகு பேரோட முதல் எழுத்து மட்டும் மாறுது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு தாள் போட்டிருக்கேன்."

"என் படகுக்குமா?"

"உங்க படகுக்குத்தான் நிறையக் கிடைக்குது. டி நல்ல எழுத்து."

மகனுடைய படகின் பெயர் தாமரை. அவன் சிரித்துவிட்டு வந்துவிட்டான். அவன் அப்பாவைப் போல, யாரையும் சட்டென்று நம்பிவிடுவான். நான் கரையில் நின்று அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை படகுக்கு ஒரு தாள். எதற்கு?

அப்போது மகன் ஐந்து பேரோடு பங்கு சேர்ந்து சுருக்குவலை போட்டிருந்தான். மத்திக் கூட்டத்தை வட்டம் கட்டி அடியோடு அள்ளுகிற பெரிய வலை. கூடாது என்று மீன்துறை ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். கூடாது என்று சொன்னதை எல்லோரும் போட்டார்கள், மறைத்தும் வைத்தார்கள். அலைக்குப் பிறகு நாங்கள் குடியிருந்த தகரக் கொட்டகைகள், புது வீடு வந்ததும் காலியாகக் கிடந்தன. அதில் ஒன்றில் வலையை வைத்திருந்தான். அந்த வலையை நம்பித்தான் அவன் குடும்பம். பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மீன்துறை ஜீப் வந்தது. நேராகக் கொட்டகைப் பக்கம் திரும்பியது. மூன்றாவது வரிசை, கடைசித் தகரக் கொட்டகை. யாரிடமும் வழி கேட்கவில்லை, ஒரு கதவையும் தவறித் திறக்கவில்லை. வலையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மகன் ஓடிவந்து பார்க்கும்போது தரையில் வலை கிடந்த தடம்தான் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். சோறு கொண்டுபோனேன். வாங்கவில்லை.

உள்ளூர் ஆள் காட்டிக்கொடுக்காமல் இப்படி வர முடியாது. ஊரெல்லாம் அதே பேச்சு. எனக்கு மட்டும் யோசிக்க வேண்டிய வேலை இல்லை. நேரே ஐஸ் கம்பெனிக்குப் போனேன். ஜன்னலில் அவர் இல்லை, உள்ளே ஐஸ் பார் எண்ணிக்கொண்டிருந்தார். மேஜையில் ஓர் இரும்பு நட்டுக்கு அடியில் தாள்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் மகனின் படகில் எழுதியிருக்கிற எழுத்தும் நம்பரும் எந்த உருவம் என்று தெரியும். அந்த உருவம் ஒரு தாளின் தலையில் அப்படியே இருந்தது. கீழே வரிசையாக எழுத்து. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்துக் கூடியது. எங்கள் ஊரில் பொம்பளை பஞ்சாயத்தில் பேசுவதில்லை. தூரத்தில் நின்று கேட்கலாம், சொல்ல வேண்டியதை மகனோ கொழுந்தனோ சொல்லுவான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தலைவர் முன்னால் தாளை வைத்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. ஏழு பேரை வளர்த்தவள் என்ற மரியாதை அது.

காலேஜ் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். அவள் முதலில் படகு நம்பரைப் படித்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"பெனால்டி. டெபுடி. பார்ட்டி. ப்ராபர்ட்டி."

கூட்டம் அசைந்தது. அதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த வார்த்தைகள். ஆபீஸ் படி ஏறி இறங்கிய எல்லோருக்கும் பெனால்டி தெரியும். டெபுடி யார் என்றும் தெரியும்.

"இன்னும் இருக்கு" என்றாள் அந்தப் பெண். "எம்ப்டி. டைஃபூன். அதெல்லாம் சும்மா வார்த்தை மாதிரி இருக்குங்க பெரியப்பா."

"நீ படிச்சது போதும், போம்மா" என்றார் தலைவர். அதற்குள் ஆள் விட்டு வரவழைத்திருந்த டோக்கன் சாரைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"என்ன இது?"

"வார்த்தைங்க. அந்த மூணு எழுத்தும் வர்ற வார்த்தை."

"யாருக்கு எழுதினது?"

"யாருக்கும் இல்லீங்க."

பின்னாலிருந்து ஒருவன் சத்தம் போட்டான். "யாருக்கும் இல்லாம எவன்யா எழுதுவான்?"

அவ்வளவுதான். ஊருக்கு அந்தக் கேள்வியே தீர்ப்பு ஆகிவிட்டது. அவர், "எந்த எழுத்து வேணா கொடுங்க, இப்பவே செஞ்சு காட்டுறேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். கயிற்றில் நடந்து காட்டுகிறவன் திருடமாட்டான் என்று யார் சொன்னது?

எங்கள் ஊரில் சாட்சி இல்லாத வழக்கைச் சூடத்தில் முடிப்பார்கள். அம்மன் முன்னால் சூடத்தை ஏற்றி, சத்தியத்தைச் சொல்லி, உள்ளங்கையால் அணைக்க வேண்டும். பொய் சொன்னால் அது பிள்ளைகளைப் பிடிக்கும். தலைவர் தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"சார், நீங்க வெளியூரு. ஆனாலும் அம்மா எல்லாருக்கும் பொது. 'நான் காட்டிக்கொடுக்கலை, யார் காட்டிக்கொடுத்தாங்கன்னும் எனக்குத் தெரியாது.' இப்படிச் சொல்லி அணைச்சிடுங்க. உங்களை யாரும் ஒண்ணும் கேக்கமாட்டோம்."

அவர் சூடத்தைப் பார்த்தார். பிறகு, "முதல் பாதியைச் சொல்லி அணைக்கிறேங்க. ரெண்டாவது பாதி வேணாம்" என்றார்.

"ஏன்? யாருன்னு தெரியுமா?"

அவர் தலை குனிந்து மணிக்கட்டுப் பொத்தானைத் திருகினார்.

"தெரிஞ்சா சொல்லுங்க. உங்க மேல இருக்கிற பழி போயிடும்."

அவர் தலையைத் தூக்கினார். கூட்டத்தில் அத்தனை பேர் இருக்க, என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். தாளைத் திருடிக்கொண்டு வந்ததற்காக முறைக்கிறார் என்று நினைத்து நானும் முறைத்தேன். அவர் பார்வையை இறக்கிக்கொண்டு, "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

பாதிச் சத்தியம் சத்தியம் ஆகாது. சூடம் எரிந்துகொண்டிருந்தது. அது வீணாக அவியக் கூடாது. யாராவது அணைக்க வேண்டும். நான் முன்னால் போனேன். "என் மகன் வலையைக் காட்டிக்கொடுத்தது இந்த ஆளு. என் ஏழு பிள்ளைங்க மேல சத்தியம்" என்று சொல்லி உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். சுட்டது. கையை எடுக்கவில்லை. அவிந்த பிறகுதான் எடுத்தேன். மகன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஊரே பார்த்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நின்ற நாள் இன்னொன்று இல்லை.

அவருடைய டோக்கனில் எங்கள் ஊர் ஐஸ் எடுக்காது, அவருக்கு யாரும் வீடு தரக் கூடாது என்று தீர்ப்பு. கம்பெனிக்காரர் எங்கள் ஊரைப் பகைத்துக்கொண்டு ஐஸ் விற்க முடியுமா? மூன்றாம் நாள் காலையில் அவர் பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார். நானும் கூடையோடு நின்றேன். வேறு யாரும் இல்லை. கிட்டே வந்தார். சாபம் விடப்போகிறார் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"அம்மா, அந்தத் தாள் உங்ககிட்ட இருக்குங்களா? அது இன்னும் முடியலை. மூணு நாலு வார்த்தை பாக்கி இருக்கும்."

"பஞ்சாயத்துல இருக்கு. போய்க் கேளுங்க" என்றேன்.

"சரிங்க. மறுபடி மொதல்லேர்ந்து போட்டுக்கிறேன்" என்றார். பஸ் வந்தது. ஏறிப்போனார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பென்சிலை எடுத்ததைப் பார்த்தேன். பஸ் போன பிறகும், இந்த ஆள் மனசில் வேறு என்னவோ இருக்கிறது என்றுதான் எண்ணினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரிச்சிக்குடி வாடிக்கை வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டம்மா பேரம் பேசுவதில் சூரப்புலி. சங்கராவைப் புரட்டிப் பார்ப்பார், செவுளை விரித்துப் பார்ப்பார், சொன்ன விலையில் பாதியில் தொடங்குவார். அன்று கேட்ட விலையைக் கொடுத்தார். அதோடு இன்னும் ஒரு கூறு வாங்கினார். நாற்பது வருஷம் மீன் விற்றவள் நான். பேரம் பேசாத வாடிக்கையைப் போலப் பயப்பட வேண்டியது வேறொன்றும் இல்லை.

"என்னங்கம்மா ஆச்சு?" என்றேன்.

வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மனசுல வச்சுக்காதே. நீ அன்னைக்கு வலையைப் பத்திச் சொன்னப்ப எம் மருமகப்பிள்ளை உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. மீன்துறையில அவரு வேலையே அது. என்ன செய்வாரு?"

இதை நான் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதக் கை வரவில்லை. வலை போவதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அதே வாசலில் அந்த அம்மா தன் மருமகனுக்குக் கவர்மெண்டு உத்தியோகம், ஜீப்பில் போகிறார் வருகிறார் என்று பெருமை பேசினார். எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளை மட்டும் என்ன குறைந்தவனா? "எம் மகன் போட்டிருக்கிற வலை மாதிரி இந்தக் காரைக்கால்லயே கிடையாதுங்க. வெளியில வச்சா கண்ணு படும்னு பழைய தகரக் கொட்டகையில வச்சிருக்கான். மூணாவது வரிசை, கடைசி. தூக்கறதுக்கு நாலு ஆளு வேணும்" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

டோக்கன் சார் அன்று படியில் உட்கார்ந்து பேப்பர் கிழித்துக்கொண்டிருந்தார். நடுவில், "அம்மா, மீன் வெயில்ல காயுது, கிளம்புங்க" என்றார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. உம்ம வேலையைப் பாருமய்யா என்று நான்தான் அதட்டினேன். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை அவர் பார்த்திருக்கிறார். நான் பார்க்கவில்லை.

அந்தப் பேச்சை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். பேசியது நினைவிருந்தது. ஜீப் வந்ததும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. சந்தேகப்பட ஓர் ஆள் தயாராக இருந்தபோது எதற்குப் பார்க்க வேண்டும்?

அன்று வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்து, சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். மகன் கூலிக்குக் கடலுக்குப் போகத் துணி மடித்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மருமகளுக்குப் பிரசவம் ஆகட்டும் என்று இருந்தேன். பெண் குழந்தை பிறந்தது, பதினாறாம் நாளே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். சூடம்தான் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையால் பேரப்பிள்ளைகளுக்குத் திருநீறு பூசியதில்லை. நீ பூசு என்று மருமகளிடம் தட்டை நீட்டிவிடுவேன். "அத்தைக்கு எம் புள்ளைங்க மேல பிரியம் கிடையாது" என்று அவள் தாய்வீட்டில் சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

டோக்கன் சார் ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. நான் அவருக்கு உறவா, ஊரா? ஒரு கை நெத்திலி கொடுத்தேன், அதையும் பூனை தின்றது. ஒரு பேர் சொல்லியிருந்தால் வேலை இருந்திருக்கும், வீடு இருந்திருக்கும். ஏதோ ஒரு லாபம் பார்த்திருப்பார் என்று எத்தனையோ நாள் கணக்குப் போட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. விசாரிக்கலாம் என்றால் திருவாரூரா மன்னார்குடியா என்று கூடத் தெரியாது.

இத்தனை வருஷத்தில் மகன் மறுபடி எழுந்து நின்றுவிட்டான். சொந்தப் படகு, நல்ல வலை. யார் வந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டான்: "எங்கம்மா எனக்காகச் சூடம் அணைச்சவ." பந்தியில் சொல்வான், பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வான். அதைச் சொல்லும்போது அவன் நெஞ்சு விரியும். அதற்குப் பின்னால் டோக்கன்காரனைத் திட்டுவான். என் பேரப்பிள்ளைகள் அந்த வசவோடு வளர்ந்தன.

போன மாதம், அன்று மூச்சுத் திணறிய அந்தப் பேத்தி போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் வட்டமாக ஆறு எழுத்து. விரலால் தடவித் தடவி வார்த்தை சேர்க்கிறாள். ஒன்று சேர்ந்ததும் மணி அடிக்கிறது. மகன் எட்டிப் பார்த்தான். போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தான். "அந்தக் காட்டிக்கொடுத்த பய பொழைப்பு இந்த வீட்டுல வேணாம். எங்கம்மா கை வெந்தது மறந்துபோச்சா?" என்றான். பிள்ளை மிரண்டுபோய் என்னைப் பார்த்தது.

"யாரு அப்பாயி அந்த ஆளு? அப்படி என்ன செஞ்சாரு?"

மறுநாள் அவளிடமே ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்கினேன். மூன்று வாரம் ஆகிறது. மகன் பார்க்கும்போதெல்லாம், "அம்மா கதை எழுதுது" என்று சிரித்துக்கொண்டு போகிறான். இனிமேல் அவன் என்னைப் பற்றிச் சொல்ல அந்தப் பெருமை இருக்காது. இந்த வீட்டில் எனக்குச் சோறு போடுகிற கை எப்படிப் போடும் என்று தெரியாது. கோயில் மண்டபத்தில் கூப்பிட்டு நிறுத்தினால் போய் நிற்பேன். ஆனால் முதலில் கேட்க வேண்டியவன் அவன்.

பாப்பா, இங்க வா. கண்ணாடியைப் போட்டுக்க. மனசுக்குள்ள படிக்காதே. உங்கப்பா கொல்லையில உட்கார்ந்து கிழிஞ்ச வலையைப் பொத்திக்கிட்டிருக்கான். அவனுக்குக் கேக்குறாப்புல, மொத வரியிலேர்ந்து படி.